மணி பார்த்துக் கொடுத்த மருந்து: வைத்தியர் சிசிலி சோண்டர்ஸ் அம்மையாரின் வாழ்க்கை

எமது சபையின் ஆண்டு நிறைவு மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, யாராவது மிஷனரியைப் பற்றி எழுதுவேன் என்றுதான் அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். மிஷனரிமாரைப் பற்றி எழுத சபையில் என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் யாழ்ப்பாணத்தில் பள்ளிப் படிப்பை முடித்து, இந்த லண்டன் மாநகரில் தாதிப் பயிற்சி பெற்றவள். ஆகவே இதே நகரத்தில் தாதியாகத் தொடங்கி, வைத்தியராகி, தீராத நோவைப் பற்றியே வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த ஓர் அம்மையாரைப் பற்றி எழுதுகிறேன். ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் வாசிக்க வேண்டும் என்பதால் மருந்துப் பெயர்களை முடிந்தளவு குறைத்திருக்கிறேன்.

அவருடைய பெயரை நான் முதன்முதலில் கேட்ட விதத்தைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பயிற்சியின் முதலாம் வருடம், இரவு வேலை. புற்றுநோய் எலும்புக்குப் பரவிய ஒரு முதியவர் மணியை அடித்தார். நோவு தாங்க முடியவில்லை, மருந்து வேண்டும் என்றார். அட்டையைப் பார்த்தேன். தேவைப்பட்டால் மட்டும் கொடுக்கவும் என்றும், இரண்டு தடவைகளுக்கு இடையில் இத்தனை மணித்தியாலம் விடவும் என்றும் எழுதியிருந்தது. இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. பொறுத்திருங்கள் ஐயா என்று சொல்லிவிட்டு நான் அடுத்த கட்டிலுக்குப் போனேன். அந்த ஒரு மணித்தியாலமும் அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடியே இருந்தார். காலையில் நோவுத் தணிப்புப் பிரிவிலிருந்து வந்த மூத்த தாதி அந்த அட்டையைப் பார்த்து முகம் சிவந்து, வைத்தியரைக் கூப்பிட்டு நேரங்களை மாற்றி எழுதுவித்தார். பிறகு என்னைத் தனியே அழைத்து, சிசிலி சோண்டர்ஸ் என்ற பெயரை நீ கேள்விப்பட்டதே இல்லையா என்று கேட்டார். கேள்விப்பட்டதில்லை. அன்று பின்னேரமே நூல்நிலையத்துக்குப் போனேன்.

சிசிலி 1918 ஆம் ஆண்டு ஜூன் 22 ஆம் திகதி லண்டனுக்கு வடக்கே பார்னற் என்னும் இடத்தில் பிறந்தார். தகப்பனார் வீடு, நிலம் வாங்கி விற்கும் தொழிலில் நல்ல வசதியோடு இருந்தவர். வீட்டில் பணம் இருந்தது, சமாதானம் இருக்கவில்லை. தாயும் தகப்பனும் ஒத்துப்போகவில்லை. பிற்காலத்தில் பிரிந்தே விட்டார்கள். பிள்ளையை ரோடீன் என்ற பெயர்பெற்ற பெண்கள் விடுதிப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் சந்தோஷமாக இருக்கவில்லை. மற்றப் பிள்ளைகளை விட மிகவும் உயரம், கூச்ச சுபாவம், முதுகெலும்பிலும் சிறிது கோணல். பாடசாலையில் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளின் மனம் தனக்கு விளங்கியதற்கு இதுவே காரணம் என்று பிற்காலத்தில் அவர் சொல்வதுண்டு. பிள்ளைகளே, உயரமாக இருப்பதற்காக உங்களை யாராவது பகிடி பண்ணினால் இவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

1938 இல் ஒக்ஸ்ஃபோர்ட்டில் அரசியலும் தத்துவமும் பொருளாதாரமும் படிக்கப் போனார். அடுத்த வருடம் யுத்தம் வந்தது. யுத்த காலத்தில் புத்தகத்தோடு இருக்க அவருக்கு மனம் வரவில்லை. 1940 இல் படிப்பை விட்டுவிட்டு, புனித தோமஸ் வைத்தியசாலையில் ஃபுளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் தொடங்கிய தாதியர் பாடசாலையில் சேர்ந்தார். பாராளுமன்றத்துக்கு எதிரே தேம்ஸ் நதிக்கரையில் இருக்கும் அதே வைத்தியசாலைதான். எங்கள் சபைப் பிள்ளைகளில் சிலர் பிறந்ததும் அங்கேதான். அவர் சேர்ந்த வருடம் செப்ரெம்பரில் அந்த வைத்தியசாலையின்மேல் குண்டு விழுந்து, அங்கு வேலை செய்தவர்களும் இறந்திருந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் அவர் தாதி வேலையைக் கற்றார். அந்த வேலையிலேயே தன் இடத்தைக் கண்டுகொண்டதாக உணர்ந்தார்.

ஆனால் முதுகு விடவில்லை. நோயாளிகளைத் தூக்கித் திருப்பும் வேலை தாதியின் நடுமுதுகை என்ன செய்யும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1944 இல் தாதியாகத் தகுதி பெற்ற கையோடு, இந்த வேலை இனி உனக்கு ஆகாது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். விரும்பிய தொழில் கையில் கிடைத்ததும் பறிபோனது. மீண்டும் ஒக்ஸ்ஃபோர்ட்டுக்குப் போய்ப் படிப்பை முடித்து, வைத்தியசாலைச் சமூக சேவையாளராக வந்தார். நோயாளியின் வீட்டு நிலைமை, பணக் கஷ்டம், பிள்ளைகளின் பராமரிப்பு முதலியவற்றைக் கவனிக்கும் வேலை அது.

இதற்கிடையில், 1945 இல், இன்னொன்று நடந்தது. பக்தியில் ஊறிய வீட்டில் அவர் வளரவில்லை. கடவுள் இருக்கிறாரா என்பதே அவருக்குக் கேள்வியாக இருந்தது. கிறிஸ்தவ நண்பர்கள் சிலரோடு கோர்ன்வோல் கடற்கரைப் பக்கம் விடுமுறைக்குப் போனபோது, அங்கே அவர் தன்னைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்தார். அதன்பின் தன்னிடமிருந்து என்ன வேலை எதிர்பார்க்கப்படுகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் வர மூன்று வருடம் எடுத்தது.

அந்தப் பதில் டேவிட் டாஸ்மா என்ற நோயாளியின் உருவில் வந்தது. அவர் போலந்து நாட்டு யூதர், ஏறக்குறைய நாற்பது வயது. அகதியாக லண்டனுக்கு வந்து ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலை செய்தவர். இந்த ஊரில் அவருக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை. சத்திரசிகிச்சையால் அகற்ற முடியாத புற்றுநோய். 1947 இன் பிற்பகுதியில் அவர் சிசிலியின் பொறுப்பில் இருந்த வார்ட்டுக்கு வந்தார். வேறு வைத்தியசாலைக்கு அவர் மாற்றப்பட்டபோது, அவரைப் பார்க்க வேறு ஆள் இல்லை என்று சிசிலி தெரிந்துகொண்டு தொடர்ந்து போனார். இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 25 தடவை. அகதி வாழ்க்கை தெரிந்த எங்களுக்கு அந்தக் கட்டிலருகில் ஓர் ஆள் வந்து இருப்பதன் பெறுமதி விளங்கும்.

தன் வாழ்க்கையில் எதையும் செய்து முடிக்கவில்லை, தான் இறந்தால் உலகத்தில் ஓர் அடையாளமும் மிஞ்சாது என்பதே டேவிட்டின் பெரிய வேதனை. உடம்பு நோவுக்கு மேலான நோவு அது. இருவரும் பேசிப்பேசி, இப்படியான நோயாளிகள் நிம்மதியாக இருக்கக்கூடிய ஓர் இடம், நெருக்கடியான பெரிய வார்ட் போல் இல்லாத ஓர் இடம், எப்படி இருக்க வேண்டும் என்று கற்பனை செய்தார்கள். ஒருநாள் மனத்துக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லும்படி டேவிட் கேட்டார். சிசிலி இருபத்துமூன்றாம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொன்னார். பிறகு, புத்தகத்திலிருந்து வாசிக்கட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார் டேவிட். சிசிலியின் மனத்திலும் இருதயத்திலும் ஏற்கெனவே இருப்பது மட்டும் தனக்குப் போதும் என்றார். அன்றிரவு சிசிலி நூற்றிமுப்பதாம் சங்கீதத்தைப் பாடமாக்கினாராம். ஞாயிறு பாடசாலையில் சங்கீதம் பாடமாக்கச் சொன்னால் முணுமுணுக்கும் பிள்ளைகளுக்காக இதைச் சேர்த்திருக்கிறேன்.

1948 பெப்ரவரி 25 ஆம் திகதி டேவிட் இறந்தார். அவரிடம் இருந்த 500 பவுணை சிசிலிக்கு எழுதி வைத்திருந்தார். கட்டப்போகும் அந்த வீட்டில் தான் ஒரு யன்னலாக இருப்பேன் என்று சொல்லியிருந்தார். அப்போது வீடும் இல்லை, காணியும் இல்லை, ஒரு திட்டம்கூடக் கடதாசியில் இல்லை. யன்னலுக்கு மட்டும் பணம் வந்துவிட்டது.

சிசிலி உடனே கட்டடம் கட்டப் போகவில்லை. மரணத் தறுவாயில் இருப்பவர்களைப் பற்றித் தனக்கு எவ்வளவு தெரியும் என்று முதலில் பார்க்க நினைத்தார். பகல் வேலை முடிந்ததும் பேய்ஸ்வோட்டரில் இருந்த புனித லூக்கா இல்லத்தில் தொண்டராகத் தாதி வேலை செய்யத் தொடங்கினார். அது ஏழை நோயாளிகளுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட இல்லம். அங்கேதான் இந்தக் கட்டுரையின் தலைப்புக்குக் காரணமான விஷயத்தை அவர் கண்டார். மற்ற வைத்தியசாலைகளில் நோயாளி நோவால் துடித்து, மணியடித்துக் கேட்ட பிறகுதான் மோர்பின் ஊசி போடுவார்கள். புனித லூக்கா இல்லத்தின் தாதியர் நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நோயாளி கேட்காமலே, வாயால் குடிக்கக் கொடுத்தார்கள். நோவு திரும்பி வருவதற்கு முன்னரே மருந்து போய்விடும். பல வருடங்களாக அங்கே அப்படித்தான் நடந்தது. யாரும் அதைப் பெரிதாக எழுதி வைக்கவில்லை. தாதியர் செய்யும் எத்தனையோ நல்ல காரியங்கள் இப்படி யாரும் எழுதி வைக்காமலே போய்விட்டன என்பது என்னுடைய நீண்ட நாள் ஆதங்கம்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று பிள்ளைகள் கேட்கலாம். விழுந்து முழங்கால் உரசினால் வரும் நோவு ஒரு வகை. அது ஆறும் என்று உங்களுக்குத் தெரியும். நாளும் பொழுதும் விடாமல் வரும் நாட்பட்ட நோவு வேறு வகை. அதற்கு முடிவு தெரியாது. மருந்து விட்டதும் திரும்ப வரும் என்ற பயம் சேர்ந்துகொள்ளும். பயம் நோவைக் கூட்டும். கூடிய நோவை அடக்கக் கூடிய மருந்து தேவைப்படும். கூடிய மருந்து ஆளை மயக்கத்தில் போட்டுவிடும். விழித்ததும் மறுபடி அதே கதை. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்த என் முதியவர் இந்தச் சக்கரத்தில்தான் அகப்பட்டிருந்தார்.

அந்தக் காலத்து வைத்தியர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மோர்பின் பழக்கமாகி நோயாளி அதற்கு அடிமையாகிவிடுவார், பிறகு எவ்வளவு கொடுத்தாலும் வேலை செய்யாது என்று அவர்கள் உண்மையாகவே பயந்தார்கள். அதனால் முடிந்தளவு தாமதித்துக் கொடுப்பதே நல்லது என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை சரியா பிழையா என்று யாரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

சிசிலி மறுபடியும் தாதியாகப் போய், இரவு வேலை செய்தபடியாவது இந்த நோயாளிகளோடு இருக்க நினைத்தார். அப்போது அவர் வேலை செய்துகொண்டிருந்தது நோர்மன் பரெற் என்ற பெயர்பெற்ற நெஞ்சறைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம். அவர்தான் அந்த எண்ணத்தை மாற்றினார். மரணப் படுக்கையில் இருப்பவர்களைக் கைவிடுவது வைத்தியர்கள்தான், நோவைப் பற்றிக் கற்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது, தாதியாக இருந்து சொன்னால் அவர்கள் கேட்க மாட்டார்கள், போய் வைத்தியம் படி என்றார். ஒரு தாதியாக இதை வாசிக்கும்போது எனக்குக் கோபம் வரும். ஆனால் அவர் சொன்னது அந்த நாளில் உண்மைதான். 1951 இல், 33 வயதில், சிசிலி மருத்துவக் கல்லூரியில் முதலாம் வருட மாணவியாகச் சேர்ந்தார். கூடப் படித்தவர்கள் பலர் பாடசாலையிலிருந்து நேரே வந்த பிள்ளைகள். 1957 இல் வைத்தியரானார். நாற்பதை நெருங்கிய வயதில் மூன்றாவது தொழில். இங்கே வந்து நடுவயதில் மறுபடி பரீட்சை எழுதிய எங்கள் சபையின் அன்ரிமாருக்கும் அங்கிள்மாருக்கும் அது எப்படியிருந்திருக்கும் என்று தெரியும்.

1958 இல் நோவைப் பற்றி ஆராய்வதற்கான ஒரு உதவித்தொகை புனித மேரி வைத்தியசாலையின் மருத்துவக் கல்லூரியில் கிடைத்தது. நோயாளிகளைப் பார்க்கும் இடம் கிழக்கு லண்டன் ஹக்னியில் இருந்த புனித ஜோசப் ஹொஸ்பிஸ். அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்க அருட்சகோதரிகள் நடத்திய இல்லம் அது. சிசிலி புரொட்டஸ்தாந்து சபையைச் சேர்ந்தவர். கத்தோலிக்கக் கன்னியரின் இல்லத்தில் ஏழு வருடம் அவர்களோடு சேர்ந்து உழைத்தார். அந்தச் சகோதரிகள் மிகுந்த அன்பானவர்கள். ஆனால் அன்பு மட்டும் எலும்பு நோவை நிறுத்தவில்லை. அங்கேயும் மருந்து கேட்ட பிறகுதான் வந்தது.

புனித லூக்கா இல்லத்தில் கண்டதை அவர் இங்கே செய்து பார்த்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் எவ்வளவு மருந்து போதும் என்று கவனமாகப் பார்த்து, அதை ஒழுங்கான நேர இடைவெளியில், பெரும்பாலும் வாயாலேயே, கொடுப்பித்தார். ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பெழுதினார். அந்தக் குறிப்புகளைத் துளையிட்ட அட்டைகளில் பதிந்து ஒப்பிட்டார். இன்று கணினி செய்யும் வேலையை அன்று அந்த அட்டைகள் செய்தன. ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டிலருகில் கொண்டுபோய் நோயாளிகள் பேசுவதையும் பதிவு செய்தார். இப்படி ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள். கண்டுபிடித்தது என்னவென்றால், நேரத்துக்குக் கொடுத்தால் மருந்தின் அளவு பயந்ததுபோல் ஏறிக்கொண்டே போகவில்லை. பலருக்குச் சிறிய அளவே நீண்ட காலம் போதுமாக இருந்தது. அவர்கள் மயங்கிக் கிடக்கவில்லை. பேப்பர் வாசித்தார்கள், பேரப்பிள்ளைகளோடு கதைத்தார்கள். மருந்துக்காக ஏங்கித் தவிக்கவும் இல்லை, ஏனென்றால் ஏங்குவதற்கு முன்னரே அது வந்தது.

அவர் நோயாளிகளிடம் கேட்ட விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் இன்று வார்ட்டில், பூச்சியத்திலிருந்து பத்து வரை உங்கள் நோவு எத்தனை என்று கேட்கிறோம். எங்கள் ஊர் அம்மாமாரிடம் இப்படிக் கேட்டால், தாங்கலாம் பிள்ளை என்பார்கள். தாங்கலாம் என்பதற்கு எத்தனை புள்ளி போடுவது? ஆனால் கட்டிலில் பக்கத்தில் இருந்து, என்ன செய்கிறது அம்மா என்று கேட்டுப் பாருங்கள். உளையுது, கடுக்குது, குத்துது, எரியுது, விண்விண் எண்டு தெறிக்குது என்று ஒவ்வொன்றாக வரும். நரம்பு நோவா, எலும்பு நோவா, வயிற்றுப் பிசைவா என்று அந்தச் சொல்லிலேயே பாதி தெரிந்துவிடும். நோவைப் பற்றிய உண்மையான நிபுணர் நோயாளிதான் என்று சிசிலி நம்பினார்; அவர்கள் சொன்ன சொற்களையே எழுதி வைத்தார்.

அப்படிக் கேட்டபடியால்தான் அவருடைய மிக முக்கியமான கண்டுபிடிப்பும் வந்தது. புனித ஜோசப் இல்லத்தில் ஒரு பெண்மணியிடம் நோவைப் பற்றி விசாரித்தார். முதுகில் தொடங்கியது என்று அந்த அம்மா ஆரம்பித்தார். பிறகு மருந்துகள் வேலை செய்யாததையும், கணவரும் மகனும் வேலையை விட்டு நின்றால் வரும் பணக் கஷ்டத்தையும், தன்னை ஒருவரும் விளங்கிக்கொள்ளவில்லை என்று தோன்றியதையும், முழு உலகமும் தனக்கு எதிராக நிற்பதுபோல் இருந்ததையும், இப்போது மறுபடி பத்திரமாக உணரத் தொடங்கியிருப்பதையும் ஒரே மூச்சில் சொன்னார். அவர் நோவைப் பற்றி மட்டுமே கேட்டிருந்தார். வந்த பதிலில் உடம்பு, மனம், குடும்பம், ஆத்துமா நாலும் இருந்தன. 1964 அளவில் சிசிலி இதற்கு முழுமையான நோவு என்று பெயர் வைத்தார். உடம்பு நோவை மருந்தால் அடக்கினால்தான் மற்ற மூன்றையும் பற்றிப் பேச வாய் திறக்கும். மற்ற மூன்றையும் கவனியாமல் விட்டால் மருந்து எவ்வளவு கொடுத்தாலும் போதாது. இன்று உலகம் முழுவதும் தாதிப் பயிற்சியில் இது பாடம்.

தான் கண்டதை அவர் முதலில் யாருக்கு எழுதினார் தெரியுமா? 1959 இல் நேர்சிங் ரைம்ஸ் என்ற தாதியர் சஞ்சிகையில் ஆறு கட்டுரைகள் வந்தன. வைத்தியரான பிறகும் அவர் எங்களை மறக்கவில்லை.

இந்த வருடங்களில் அவருடைய சொந்த மனத்திலும் நோவு இருந்தது. புனித ஜோசப் இல்லத்தில் அன்ரனி என்ற இன்னொரு போலந்து நோயாளியிடம் ஆழ்ந்த அன்பு வைத்தார். 1960 இல் அவர் இறந்தார். அடுத்த வருடம் தகப்பனாரும் போய்விட்டார். துக்கத்துக்கு மேல் துக்கம். அந்தத் துக்கத்தோடேயே காணி தேடினார், பணம் திரட்டினார், கடிதம் கடிதமாக எழுதினார்.

கட்டப்போகும் இல்லம் எப்படிப்பட்ட கிறிஸ்தவ இல்லமாக இருக்க வேண்டும் என்பதில் அவருடைய நண்பர்களுக்குள் கருத்து வேற்றுமை வந்தது. சாகப்போகிறவருக்கு நற்செய்தியை எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று சிலர் நினைத்தார்கள். சிசிலி நீண்ட நாள் யோசித்தார், ஜெபித்தார். முடிவில், ஜெபத்தின்மேல் கட்டப்பட்ட இல்லமாக இருக்கும், ஆனால் எந்த மதத்தவரும் மதமில்லாதவரும் நெருக்குதல் இல்லாமல் அங்கே இருக்கலாம் என்று தீர்மானித்தார். அவரை இந்த வேலைக்கு அனுப்பியவர் ஒரு யூதர் அல்லவா. நோயாளிகளைச் சந்திக்கப் போகும் எங்கள் சபைக் குழுவினர் இந்தப் பந்தியை இரண்டு தடவை வாசித்தால் நான் சந்தோஷப்படுவேன். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் நோயாளிதான். உரத்த சத்தமாக நீண்ட ஜெபம் செய்யும்போது அவரையும் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

1967 ஜூலையில் தென்கிழக்கு லண்டன் சிடன்ஹாமில் புனித கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸ் திறக்கப்பட்டது. பயணிகளுக்குத் துணையான பரிசுத்தவான் என்று மேலைநாட்டுக் கிறிஸ்தவர்கள் கருதும் கிறிஸ்தோபரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். டேவிட்டின் 500 பவுண் கிடைத்துப் பத்தொன்பது வருடம் கழிந்திருந்தது. 54 கட்டில்கள். பிள்ளைகள் வந்து பார்க்கலாம். வேலை செய்யும் தாய்மாருடைய குழந்தைகளுக்கு அங்கேயே ஒரு பாலர் பிரிவும் இருந்தது. மரணத்துக்குக் கிட்ட இருப்பவர்களின் காதில் குழந்தைகளின் சத்தம் விழுந்தது. 1969 இலிருந்து தாதியர் வீடுகளுக்கே போய்ப் பார்க்கத் தொடங்கினார்கள். இன்று எங்கள் பெரியவர்களுக்கு வீட்டுக்கு வரும் தாதியர் சேவைக்கு அதுவும் ஒரு தொடக்கம்.

அன்பாகப் பராமரிக்கும் இல்லங்கள் அதற்கு முன்னும் இருந்தன. இது வேறுபட்டது எப்படியென்றால், பராமரிப்போடு ஆராய்ச்சியும் கற்பித்தலும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. அதில் ஒரு கதை எனக்கு மிகவும் பிடிக்கும். மோர்பினைவிட அதன் உறவான டயமோர்பின் என்ற மருந்து, அதாவது ஹெரோயின், நோயாளிகளுக்கு நல்லது என்று சிசிலிக்கு ஒரு எண்ணம் இருந்தது. 1971 இல் ரொபர்ட் ருவைகுறொஸ் என்ற இளம் வைத்தியரை அழைத்து அதை ஒழுங்காகச் சோதிக்கச் சொன்னார். இரண்டையும் வாயால் நேரத்துக்குக் கொடுத்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று முடிவு வந்தது. தலைவியின் எண்ணம் பிழை என்று அவருடைய இல்லத்திலேயே நிரூபணமானது. அவர் முகம் சுளிக்கவில்லை. இல்லத்தில் வாயால் கொடுக்கும் மருந்து மோர்பினாக மாறியது. இதன் பலன் இங்கிலாந்துக்கு வெளியேதான் பெரிது. ஹெரோயினை மருந்தாகவும் அனுமதியாத நாடுகளே அதிகம். மோர்பினே போதும் என்று தெரிந்தபின், அந்த நாடுகளின் வைத்தியர்களும் இந்த முறையைக் கைக்கொள்ளலாம் என்றாயிற்று. 1986 இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் நோவுக்கான வழிகாட்டியை வெளியிட்டது. வாயால் கொடு, மணி பார்த்துக் கொடு என்பவை அதன் அடிப்படை விதிகள். பேய்ஸ்வோட்டரில் பெயர் தெரியாத தாதியர் செய்துவந்த அதே காரியம்.

பிற்கால வாழ்க்கையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1963 இல் ஒரு ஓவியக் கூடத்தில் மரியன் போகுஸ் ஷிஷ்கோ என்ற போலந்து ஓவியரின் கிறிஸ்துவின் படம் ஒன்றைக் கண்டு, வாங்கி, ஓவியருக்கு நன்றிக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்திலிருந்து வளர்ந்த நட்பு 1980 இல் திருமணமாயிற்று. மணமகளுக்கு 61 வயது, மணமகனுக்கு எழுபதுக்கு மேல். ஹொஸ்பிஸ் சுவர்கள் முழுக்க அவருடைய ஓவியங்கள் தொங்கின. மகாராணியார் டேம் பட்டமும், 1989 இல் ஓடர் ஒஃப் மெரிற் என்னும் மிக உயர்ந்த விருதும் அளித்தார். 1981 இல் டெம்பிள்டன் பரிசு கிடைத்தது. 1985 வரை ஹொஸ்பிஸின் மருத்துவப் பணிப்பாளராக இருந்தார். கருணைக் கொலையைச் சட்டமாக்க வேண்டும் என்ற வாதம் எழுந்தபோதெல்லாம் அவர் எதிர்த்தார். நோவு அடங்கிய பலர் சாக வேண்டும் என்று கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதை அவர் கட்டிலருகில் கண்டிருந்தார். அவரோடு வேலை செய்வது எப்போதும் இலகு என்று சொல்ல முடியாது. பிடிவாதக்காரர், அவசரக்காரர். சாந்தமான ஒருவரால் பத்தொன்பது வருடம் ஒரு யன்னலைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்க முடியுமா என்று நான் நினைப்பதுண்டு.

என் முதியவர் நேரங்கள் மாற்றி எழுதப்பட்ட பிறகு ஒன்பது நாள் இருந்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டுத் தன் மகளின் கலியாணப் படத்தைக் காட்டினார். அந்த இரவைப் பற்றி நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் மணிக்கூட்டுப் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்துக்கொண்டு, படத்தில் யார் யார் என்று சொல்லத் தொடங்கினார்.

சிசிலி அம்மையாருக்கும் புற்றுநோய் வந்தது. 2005 ஜூலை 14 ஆம் திகதி, 87 ஆவது வயதில், தான் கட்டிய புனித கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸில், மற்ற நோயாளிகளைப்போல ஒரு நோயாளியாக இருந்து இறந்தார். டேவிட்டின் யன்னல் இப்போதும் அங்கே வாசல் பக்கத்தில் இருக்கிறது. படம் வரைந்த கண்ணாடி இல்லை. வெறும் கண்ணாடிதான், ஊடாகப் பார்த்தால் வெளியே தெரியும்.